அளவு சரியாக இருந்த பேண்ட்

2025 நவம்பர் 19, புதன்கிழமை. காலை நாலு ஐம்பதுக்கு எழுந்தேன். மும்பை சுனாபட்டியில் எங்கள் கட்டடத்துக்கு ஐந்து மணியிலிருந்து ஐந்தே முக்கால் வரைதான் தண்ணீர். இரண்டு டிரம்மும் நிரம்பின. ஆறு மணிக்குக் காபி. ஏழு மணிக்குள் சப்பாத்தியும் உருளைக்கிழங்கு பாஜியும் இரண்டு டப்பாவில் கட்டியாயிற்று, கணவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஏழு ஐம்பதுக்குக் கிளம்பி, பஸ் சுற்றிக்கொண்டு போவதால் கடைசி இரண்டு நிறுத்தத்தையும் நடந்தே கடந்து, எட்டு நாற்பதுக்குத் தாராவியில் எங்கள் கார்கானாவில் இருந்தேன்.

இதெல்லாம் நினைவிலிருந்து சொல்வதல்ல. பத்தொன்பது வயதிலிருந்து டைரி எழுதுகிறேன், இப்போது ஐம்பத்தொன்று. அந்தப் புதன்கிழமைக்கு முந்தைய நாள் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "வீல்சேர் பேண்ட், சாம்பிள், ஆறு பீஸ். அளவு சரி. ஆறும் ஓகே." அந்த வரியை எப்போது படித்தாலும் எனக்கு முகம் சூடாகிவிடும்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். துணி தைக்கும் கார்கானாவில் செக்கிங். ஒரு பெரிய கம்பெனி ஒரு உடுப்பை வடிவமைத்து, அதன் அளவுகளை ஒரு தாளில் எழுதி அனுப்பும். இடுப்பு இத்தனை, தொடை இத்தனை, உள்கால் இத்தனை என்று இருபது முப்பது வரி. அதை நாங்கள் ஷீட் என்போம். மாஸ்டர் வெட்டிக் கொடுப்பார், தையல்காரர்கள் தைப்பார்கள். தைத்து வந்ததை நான் மேசையில் பரப்பி, சுருக்கம் நீவி, டேப் வைத்து ஒவ்வொரு வரியையும் சரிபார்ப்பேன். கால் அங்குலம் பிசகினால் திருப்பி அனுப்புவேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பீஸ் வெளியே போகாது. இருபத்திரண்டு வருஷத்தில் அளவு தப்பு என்று ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்தது.

இந்த ஆர்டர், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கான ஜீன்ஸ் பேண்ட். சாதாரண ஜீன்ஸ்தான், இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து தொடை வரை ஜிப். அதைத் திறந்தால் போடுவதும் கழற்றுவதும் எளிது. நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன். ஜீன்ஸ் என்றால் பின்பக்கம் இரண்டு பாக்கெட் இருக்கும், பாக்கெட் மூலைகளில் செம்பு நிறத்தில் குமிழ் மாதிரி ரிவிட் அடித்திருக்கும், உங்களுக்கே தெரியும். ஷீட்டிலும் அப்படியே இருந்தது.

வெட்டும்போது மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அறுபதைத் தொடுகிறவர், வாயில் எப்போதும் ஊசி.

"யக்கா, ஒக்காந்தே இருக்குதவுகளுக்குப் பின்பாக்கெட்டு என்னத்துக்கு? எடுக்கவா முடியும், வைக்கவா முடியும்?"

"ஷீட்ல இருக்கு மாஸ்டர். போட்டிருங்க."

"சரிதான். ஷீட்டு சொன்னா சாமி சொன்ன மாதிரி" என்று சிரித்துவிட்டுக் கத்தரியை எடுத்தார். நானும் சிரித்தேன்.

இனி புதன்கிழமை. ஒன்பதரைக்கு முதலாளி கூப்பிட்டார். செம்பூரில் ஒரு ஸ்டூடியோவில் இந்தப் பேண்ட்டுக்கு போட்டோ எடுக்கிறார்களாம், இஸ்திரி போட, நூல் நறுக்க, அவசரத்துக்கு ஒரு தையல் போட ஆள் வேண்டுமாம். "நீங்களே போயிட்டு வாங்க. பெரிய கஸ்டமர். அவங்க என்ன சொன்னாலும் சரின்னுருங்க." ஆறு பீஸையும் எடுத்துக்கொண்டு பத்தரைக்கு அங்கே போய்ச் சேர்ந்தேன்.

ஸ்டூடியோ தரைத்தளம்தான். ஆனால் வாசலில் மூன்று படி. நான் போகும்போது அந்தப் படிகளின் கீழே ஒரு பெண் சக்கர நாற்காலியில் காத்திருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கண்ணுக்கு மை, காதில் பெரிய வளையம். இரண்டு லைட்பாய்கள் நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள். ஒருவன் முன்னால், ஒருவன் பின்னால், நடுவில் அவள் இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி. கல்யாண வீட்டுக்குள் சோபா ஏற்றுவது மாதிரி ஏற்றினார்கள். சக்கர நாற்காலிக்காரர்களுக்கான பேண்ட்டுக்குப் போட்டோ எடுக்க, சக்கர நாற்காலி ஏற முடியாத இடத்தைப் பிடித்திருந்தார்கள். இது அங்கே ஒருவர் கண்ணிலும் படவில்லை. உள்ளே சுவரில் "எல்லா உடம்புக்கும் உடை" என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது.

கம்பெனியிலிருந்து டிசைனர் வந்திருந்தாள். அவளுக்கும் முப்பதுக்குள்தான். கெட்டவள் இல்லை. எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள், என்னை "மேடம்" என்று கூப்பிட்டு ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தாள். சக்கர நாற்காலிப் பெண் மட்டும் தண்ணீர் வேண்டாம் என்றாள். அங்கிருந்த கக்கூஸ் கதவு அவளுடைய நாற்காலியைவிடக் குறுகல் என்பதை வந்தவுடனே பார்த்துவிட்டாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பேண்ட்டை மாட்டியதும் முதல் கோளாறு தெரிந்தது. உட்கார்ந்தவுடன் பின்னால் இடுப்பு வழிந்து முதுகு வெளியே தெரிந்தது. முன்னால் துணி பொதியாகக் குவிந்து வயிற்றில் முட்டியது. கால் ஏறிக் கணுக்கால் தெரிந்தது. எனக்குப் புரியவில்லை. பின் உயரம் பதினைந்தரை அங்குலம், ஷீட்டில் உள்ளபடியே. உள்கால் சரி. எல்லாம் சரி. என் டேப் பொய் சொல்லாது. பிறகு ஏன் இந்தப் பேண்ட் இந்தப் பெண்மேல் இப்படி இருக்கிறது?

டிசைனர் கவலைப்படவில்லை. முதுகுப் பக்கம் துணியைச் சேர்த்துப் பிடித்து நாலு கிளிப் போட்டாள். "முன்னாலிருந்துதான் எடுக்கிறோம், தெரியாது" என்றாள்.

அடுத்து போட்டோகிராபர் நாற்காலியைப் பார்த்து முகம் சுளித்தான். பழசு, கைப்பிடியில் டேப் சுற்றியிருந்தது. ஓரமாக ஒரு புது நாற்காலி பளபளவென்று கறுப்பில் தயாராக நின்றது. அதில் அவளை மாற்றினார்கள். அவளுடைய நாற்காலியில் மூன்று விரல் உயரத்துக்கு ஒரு குஷன் இருந்தது, அவள் அதைக் கேட்டாள். "போட்டோவில் பொதபொதவென்று தெரியும்" என்றார்கள்.

"குஷன் இல்லாமல் ரொம்ப நேரம் உட்காரக் கூடாது" என்று இந்தியில் சொன்னாள். கெஞ்சலாக இல்லை, தகவலாகத்தான் சொன்னாள்.

"பஸ், பாஞ்ச் மினிட்" என்றான் அவன். வெறும் ஐந்து நிமிஷமாம்.

அப்போது மணி பதினொன்று பத்து. நான் எதற்கும் நேரம் பார்க்கிறவள், அதனால் தெரியும். அந்த ஐந்து நிமிஷம் முடிந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. இடையில் லைட்டை மாற்றினார்கள், பின்னணித் திரையை மாற்றினார்கள், டீ குடித்தார்கள், யாரோ ஒருவர் போனில் வந்து வேறு கோணம் கேட்டார். அவள் அவ்வப்போது இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்குவாள், சில விநாடி அப்படியே இருப்பாள், மெதுவாக இறக்குவாள். எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவன், "மேடம், ஹிலோ மத்" என்று அசையாமல் இருக்கச் சொல்வான். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அவள் தூக்குவதை நிறுத்திவிட்டாள்.

நான் ஓரமாக நின்று நூல் நறுக்கிக்கொண்டிருந்தேன். இதையும் சேர்த்தே எழுத வேண்டும். நானும்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மணிக்கு அடுத்த பேண்ட் மாற்ற வேண்டும் என்று அவளை உடைமாற்றும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போக என்னிடம் சொன்னார்கள். கதவைச் சாத்தியதும் அவள் திரும்பினாள்.

"அக்கா, நீங்க தமிழா? போன்ல பேசும்போது கேட்டேன்."

"ஆமாம்மா. தாராவியில பொறந்து வளர்ந்தவ."

"நான் வடாலா. எங்கம்மாவுக்கு வள்ளியூர் பக்கம். அக்கா, ஒரு உதவி. என்னை அந்த சோபாவுல ஒருச்சாய்ச்சுப் படுக்க வச்சு, நான் உக்கார்ற எடத்தப் பாத்துச் சொல்லணும். எனக்கு அங்க ஒண்ணும் தெரியாது. வலிச்சாத் தெரியாது, சுட்டாத் தெரியாது. வீட்ல அம்மா பாப்பாங்க, இல்லேன்னா கண்ணாடி வச்சு நான் பாப்பேன்."

ஆறு வருஷத்துக்கு முன்னால் மாடி அறை ஏணியிலிருந்து விழுந்தவள் அவள். எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் இருக்குமே, செங்குத்தாக நிற்கும் அந்த இரும்பு ஏணி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இதை அவள் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள், பஸ் நம்பர் சொல்வது மாதிரி.

கையைப் பிடித்து சோபாவுக்கு மாற்றினேன். அவள்தான் எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். ஜிப்பைத் திறந்து பேண்ட்டை விலக்கினேன்.

தோலில் இரண்டு வட்டம். ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம். ரிவிட்டின் அதே அளவு. பாக்கெட்டின் தடித்த தையல் அப்படியே கோடாகப் பதிந்திருந்தது. நான் அளந்து, நேராக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட தையல். இடது வட்டம் சிவப்பு. வலது வட்டம் நடுவில் கருஞ்சிவப்பு.

சொன்னேன்.

"விரலால அமுக்கி எடுங்கக்கா. எடுத்ததும் வெள்ளையாகுதா பாருங்க."

இடது பக்கம் அமுக்கினேன். எடுத்ததும் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"நல்லது. இன்னொண்ணு?"

வலது பக்கம் அமுக்கினேன். எடுத்தேன். சிவப்பு அப்படியே இருந்தது. இன்னொரு தடவை அமுக்கினேன், ஏதோ என் விரல் சரியில்லாத மாதிரி. வெளுக்கவில்லை.

"ஆகலையா?"

"ஆகல."

அவள் சோபாவின் உறையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அமுக்கினால் வெளுக்காத சிவப்பு என்றால் உள்ளே சதை நசுங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம். அவ்வப்போது கையை ஊன்றி உடம்பைத் தூக்கியது, இது வராமல் இருக்கத்தானாம். உடனே அந்த இடத்தில் பாரம் விழாமல் படுத்துவிட்டால் ஆறலாம். இன்னும் உட்கார்ந்தால் தோல் உடையும். உடைந்தால் குழியாகும். போன தடவை அப்படித்தான். பழைய நாற்காலியின் துணிமடிப்பு ஒன்று உறுத்தி, அவள் ஏழு மாதம் குப்புறப் படுத்திருக்கிறாள்.

"ஒண்ணாந் தேதி வேலையில சேரணும்க்கா. பேங்க் கால் சென்டர், செம்பூர்லதான். நாலு வருஷமா இன்டர்வியூ போயி மொதத் தடவையா கிடைச்சிருக்கு. அங்க சாய்தளம் இருக்கு, பாத்ரூம் பெருசு. எல்லாம் போய்ப் பாத்துட்டு வந்தேன். இன்னும் பன்னெண்டு நாள்."

கதவைத் தட்டினார்கள். அடுத்த பேண்ட் ஆயிற்றா என்று.

கோபத்தில் எனக்குக் குரல் உயராது, தாழ்ந்துவிடும். வெளியே வந்து டிசைனரிடம் இந்தியில் கேட்டேன். இதைத் தைக்க அனுப்புவதற்கு முன்னால், சக்கர நாற்காலியில் இருக்கிற ஒருவரையாவது கூப்பிட்டு, போட்டு உட்காரவைத்துப் பார்த்தீர்களா?

ஆபீஸில் பார்த்தோம் என்றாள். யார் போட்டது? அவர்களுடைய ஆபீஸ் பெண் ஒருத்தி, நடக்கிறவள், ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாளாம். எவ்வளவு நேரம்? அவள் போனை எடுத்துப் பார்த்தாள். பிறகு, மிகவும் சாதாரணமாக, "ஷூட்டுக்கு நிஜமானவங்கதான் வேணும்னு நாங்க பிடிவாதமா இருந்தோம் மேடம்" என்றாள். அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளிருந்து தமிழில் குரல் வந்தது. "போட்டோ எடுக்கக் கூப்பிட்டாங்க, தைக்கும்போது கூப்பிடலைன்னு சொல்லுங்கக்கா."

நான் அதை இந்தியில் சொன்னேன். டிசைனருக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் திருப்பிக் கேட்டதையும் எழுதுகிறேன், அது நியாயமான கேள்வி. "மேடம், நீங்கதானே செக்கிங்? நீங்கதானே பாஸ் பண்ணீங்க?"

ஆமாம். நான்தான். மேசைமேல் தட்டையாகப் போட்டு அளந்தேன். மேசைக்கு இடுப்பு மடங்காது, தொடை மடங்காது, மேசை ஒன்றே முக்கால் மணி நேரம் எதன்மேலும் உட்காராது. இருபத்திரண்டு வருஷமாக நான் அளந்தது எல்லாம், நிற்கிற, நடக்கிற, இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்கிற ஒரு உடம்பை. அப்படி ஒரு உடம்பு இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாது. என் உடம்பே அப்படி இல்லை. நான் நாலடி பத்து அங்குலம். எனக்கு முன்னால் செக்கிங்கில் இருந்தவர் உயரமான மனிதர், மேசை அவருக்காகப் போட்டது. சேர்ந்த முதல் வாரம் மாஸ்டர் ஒரு பலகை அடித்துக் கொடுத்தார், இன்றுவரை அதன்மேல் ஏறி நின்றுதான் அளக்கிறேன். இரண்டு தடவை தடுக்கி விழுந்திருக்கிறேன். இரண்டு தடவையும் என் கவனக்குறைவு என்றுதான் டைரியில் எழுதியிருக்கிறேன். மேசை உயரம் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. அந்த ஸ்டூடியோ நடுவில் நின்றபோதுதான் இது எனக்குத் தோன்றியது.

"ஆமா, நான்தான் பாஸ் போட்டேன்" என்றேன். "இப்போ நானே ரிஜெக்ட் போடுறேன்."

அவள் உடம்பிலிருந்து கழற்றியதையும் சேர்த்து ஆறு பீஸையும் எடுத்தேன். ஒவ்வொன்றின் அட்டையிலும் என் கையெழுத்தை அடித்து, கீழே ரிஜெக்ட் என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டேன். மடித்துப் பையில் வைத்தேன். என் கையில் இருந்த அதிகாரம் அவ்வளவுதான், அதைச் செய்தேன். போட்டோகிராபர் சிரித்தான். "பேண்ட்டுக்கு என்ன காய்ச்சலா?" என்று இந்தியில் கேட்டான். ஒரு லைட்பாய் மட்டும் வந்து அவளுடைய பழைய நாற்காலியையும் குஷனையும் எடுத்துக்கொண்டு போய் அறை வாசலில் வைத்தான்.

டிசைனர் போன் போட்டாள். ஒன்று இருபதுக்கு முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஷீட் படி இருக்கா, இல்லையா?"

"இருக்குய்யா."

"பெறகென்ன கொள்ளை? அளக்குறது உங்க வேலை. யாரு போடுதா, எங்க உக்காருதா, அதெல்லாம் உங்க வேலையா?"

"அதுதான் வேலைன்னு இப்பத்தான் தெரியுது" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் கொண்டுவந்த பாவாடையை மாட்டினோம். வீட்டுக்குப் போகப் பிடித்த டாக்ஸியின் பின்சீட்டில் குஷனை வைத்து அவளை ஒருச்சாய்த்துப் படுக்கவைத்தேன். தலை என் மடியில். காட்டன் கிரீன் குடோன்கள் பக்கம் போகிற லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு வண்டி நின்று நின்று போனது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் இடுப்பு அசையாமல் பிடித்துக்கொண்டேன். அவள் மேலே பார்த்தபடி, "அக்கா, அந்த பேண்ட்டு நிறம் நல்லா இருந்துச்சுல்ல?" என்றாள். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

வடாலாவில் தரைத்தளத்தில் ஒற்றை அறை. அவளுடைய அம்மா நாலு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறவர். போன் செய்ததும் இரண்டு வீட்டு வேலையை விட்டுவிட்டு மூன்று மணிக்கு ஓடிவந்தார். வந்ததும் கையைக் கழுவி, மகளைப் புரட்டி, விரலால் அமுக்கிப் பார்த்தார். எழுந்து என்னைப் பார்த்தார்.

"நீங்கதான் அந்தப் பேண்ட்டு தைக்கிற கம்பெனியா?"

"தைக்கிற எடத்துல செக்கிங்மா."

"என்னத்தச் செக் பண்ணுனிய? ஆணியத் தச்சுக் குடுத்திருக்கிய. இந்தப் பிள்ளைக்கு ராத்திரியில விரிப்புல ஒரு சுருக்கம் இருந்தாக்கூட நான் எந்திரிச்சு நீவி விடுதேன். ஒரு சோத்துப் பருக்கை கிடந்தா ஆகாது. நீங்க படிச்சவுக எல்லாம் சேந்து ஆணியத் தச்சுக் குடுத்திருக்கிய."

"எம்மா, அவுகதான் கூட்டிட்டு வந்தாக" என்றாள் மகள் தலையணைக்குள்ளிருந்து.

"கூட்டிட்டு வந்தா? மொதல்லயே அனுப்பாம இருந்திருக்கணும்."

விரிப்பில் சுருக்கம் நீவுவதற்கு அந்த அம்மாவுக்கு யாரும் ஷீட் கொடுக்கவில்லை. அந்த உடம்புக்கு எது உறுத்தும், எது உறுத்தாது என்று முழுவதும் தெரிந்த இரண்டு பேர் பத்துக்குப் பத்து அறையில் இருந்தார்கள். செம்பூருக்கும் வடாலாவுக்கும் நடுவே அரை மணி நேர வழி. ஒருவர் வந்து கேட்டிருக்கலாம். இதற்குப் பெரிய படிப்போ இயந்திரமோ தேவையில்லை. கேட்கத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். நாலரைக்கு நான் கிளம்பும்போது அந்த அம்மா ஒரு டம்ளர் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வைத்தார்.

பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் தோல் உடையவில்லை. பத்து நாள் சாப்பாடு, குளியலுக்குப் பதில் ஈரத்துணித் துடைப்பு எல்லாம் குப்புறப் படுத்தபடியே. பதினோராம் நாள் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். டிசம்பர் ஒன்று, திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். அந்தக் கம்பெனி எங்கள் கார்கானாவுக்குக் கொடுத்த ஆர்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் தைத்தது. பேண்ட் கடைக்கு வந்துவிட்டது. பின்பாக்கெட் இருக்கிறது, ரிவிட்டும் இருக்கிறது. விளம்பரத்தில் அவளுடைய அந்த ஒன்றே முக்கால் மணி நேரப் படம் இருக்கிறது. முன்னாலிருந்து எடுத்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் கம்பெனிக்கு எழுதிய மூன்று கடிதத்துக்கும் உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரே பதில் மூன்று தடவை வந்தது. முதலாளி இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மாஸ்டர் மட்டும் ஒரு நாள், "நான் அன்னைக்கே கேட்டேம்லா" என்றார். கேட்டார்தான். வாயை அடைத்தது நான்.

ஆனால் இவையெல்லாம் தெரியாத அந்த மறுநாள், நவம்பர் 20, வியாழக்கிழமை, முதல் வேலையாக நான் கார்கானாவுக்குப் போகவில்லை. ஏழு பத்து ரயிலில் ஏறி வடாலாவில் இறங்கினேன். அவள் குப்புறப் படுத்து, போனில் வேலைக்கான பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்ததும் போர்வையை விலக்கினார். விரலை வைத்து அமுக்கி எடுத்தேன். ஓரத்தில், மெல்லிய வளையமாக, ஒரு வெளுப்பு. நடுவில் இல்லை.

"என்னக்கா?"

"ஓரத்துல வெளுக்குது."

"நேத்து?"

"நேத்து அதுவும் இல்ல."

அவள் நீளமாக மூச்சு விட்டாள். அம்மா கதவுப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார்.

நான் டேப்பை எடுத்தேன். உட்கார்ந்த உடம்பை முறையாக அளந்துகொண்டு போக வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது, அவள் உட்காரக் கூடாது. எங்களால்தான் உட்காரக் கூடாது. டேப் கையில் தொங்க நின்றேன்.

"அத உள்ள வைங்கக்கா" என்றாள் சிரித்து. "பேனாவ எடுங்க. நான் சொல்லுதேன், எழுதுங்க." பின்னால் ஒன்றும் இருக்கக் கூடாது, பாக்கெட், ரிவிட், தடித்த தையல் எதுவும். பின் இடுப்பு ஏறி இருக்கணும், முன் இடுப்பு இறங்கி இருக்கணும். பாக்கெட் தொடைமேல், கை போகிற மாதிரி. முட்டியில் மடிப்பு விழாமல் வெட்டணும். கால் இரண்டு அங்குலம் நீளம். ஜிப்பின் முனை தோலில் படாமல் உள்ளே ஒரு பட்டி. நிறம் நேற்றைய நிறமே இருக்கட்டும். பதினான்கு வரி வந்தது. எழுதி முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷத்தை அதுவரை ஒருவரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை என்பதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.